துன்பம் புனிதமாகுமா?

சென்னிமலைத் தறியில் இழுத்துக் கட்டிய பாவு மட்டும் போர்வையாகிவிடுவதில்லை. ஊடை குறுக்கே ஓடினால்தான் நெசவு. துன்பமும் அத்தகையதே.

கேரளத்தின் பரணங்கானம் கன்னியர் மடத்தில் வாழ்ந்த அல்போன்சா, 1946-இல் தம் 35-ஆம் வயதில் இறந்தார். பல்லாண்டு நோயுற்றிருந்த அவர் சபை எதையும் நிறுவவில்லை. எனினும் 2008-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. எதற்காக? நோயுற்றதற்காகவா? இல்லை. நோய் மனத்தைக் கசப்பாக்கவும் வல்லது. வலியின் நடுவிலும் அவர் அன்பைக் கைவிடவில்லை. அதுவே அவர் ஓட்டிய ஊடை.

ஆகவே, நம் வீட்டு நோயாளியிடம் "துன்பம் புண்ணியம்" என்று உபதேசித்து விலகிவிடலாகாது. வலியைத் தணிப்பதும் அருகில் அமர்வதும் நம் கடமை. அவரது பாவில் நம் அன்பும் ஊடையாகட்டும்.