வெல்லம் தின்றால் புகை போகுமா?

வெல்டிங் பட்டறை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. யாரும் பார்த்திராத கொள்ளிக்கண்ணுக்குப் பயந்து, அமாவாசைக்கு அமாவாசை ஒன்றை உடைத்துப் புதிதாகக் கட்டுகிற முதலாளி அதற்குக் கணக்குப் பார்ப்பதில்லை. உள்ளே, ராடு உருகும் இடத்தில் குனிந்திருக்கும் பையனுக்கு மூக்கில் ஒரு கைக்குட்டை. புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு குழாயும் விசிறியும் வைக்கச் சொல்லிப் பாருங்கள். "இருபது வருஷமா தொழில் பண்றோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்பார்.

பூசணிக்காய் கட்டாத நாத்திக முதலாளியும் இதையேதான் கேட்கிறார். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால், மூச்சு வாங்கி வேலையை விட்டுப் போனவர்களின் வீடு தேடிப் போயிருக்க வேண்டும். போனது யார்?

உருகிய உலோகம் ஆவியாகி, காற்றில் குளிர்ந்து துகளாவதுதான் அந்தப் புகை. துகள்களில் பல 100 நானோமீட்டருக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பெருந்தூசியை மூக்கே பிடித்துவிடும். இவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்த் தங்கும். எவர்சில்வர் வெல்டிங் என்றால் குரோமியமும் நிக்கலும் கூடவே போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருப்பதும் அங்கேதான்.

இதற்கு நம்மூர்ப் பரிகாரம் வெல்லமும் வாழைப்பழமும். தூசியை 'இறக்கிவிடுமாம்'. வெல்லம் போவது இரைப்பைக்கு. துகள் கிடப்பது நுரையீரலில். பாதையே வேறு. படித்த மேனேஜரும் சாயங்காலம் ஆளுக்கொரு பழத்தைக் கையில் கொடுத்துக் கடமை முடிந்தது என்கிறார். தாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தாயத்தை யாரும் பாதுகாப்புச் செலவில் எழுதுவதில்லை.

விஞ்ஞான வேடம் போட்ட மூடநம்பிக்கை ஒன்றும் உண்டு: "அவ்வளவு பொடிசை எந்த மாஸ்க் தடுக்கும்?" தடுக்கும். மிகச் சிறிய துகள் நேராகப் போவதில்லை. காற்றின் மூலக்கூறுகள் இடித்து இடித்து அலைக்கழிய, வடிகட்டியின் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. முகத்தோடு இறுகப் பொருந்திய என்95 பெரும்பகுதியைப் பிடித்துவிடும். கைக்குட்டைக்கு அது ஆகாது. ஆனால் மாஸ்க் கடைசி வழி. புகை கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதுதான் முதல் வழி, முதலாளி செலவு செய்ய வேண்டிய வழியும் அதுவே.

அளவு சிறுத்தால் ஆபத்து மாறும் என்பது ஊகமல்ல. பெயின்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2011இல் இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்தது: சாதாரணத் தூள் கனமீட்டர் காற்றுக்கு 2.4 மில்லிகிராம், நானோ தூள் 0.3. பொருள் ஒன்றே, வரம்பு எட்டில் ஒரு பங்கு.

இன்னும் முழு ஆதாரம் வரட்டும் என்பவர்கள் உண்டு. சந்தேகத்தின் பலனைச் சட்டம் மனிதனுக்குக் கொடுக்கிறது. இவர்கள் துகளுக்குக் கொடுக்கிறார்கள். கல்நார்த் தூசி கெடுதல் என்று பிரிட்டனின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன் எழுதியது 1898இல். அங்கே முழுத் தடை வந்தது 1999இல். இந்தியா இன்றும் கல்நாரை இறக்குமதி செய்கிறது.