சாவியை மட்டும் கொடுத்தால் போதுமா?

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால், சாவியோடு வேறு என்னவெல்லாம் கொடுக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'மோட்டார் போட்டா பத்து நிமிஷத்துல நிறுத்திடுங்க மாமி. ரெண்டாவது சுவிட்ச் ஷாக் அடிக்கும், தொடாதீங்க. பூட்டு லேசா சிக்கும், கதவை இழுத்துப் பிடிச்சுட்டுத் திறக்கணும். துளசிக்கு ஒரு சொம்புத் தண்ணி.' படியிறங்கிய பிறகும் ஏதோ ஞாபகம் வந்து திரும்பி ஓடிவருவோம்.

நாலு நாள் பயணத்துக்கே இவ்வளவு. ஐம்பது வருஷம் நிற்கப்போகிற கட்டடத்தை ஒருவர் கட்டி இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது? பல இடங்களில் சாவிக்கொத்து மட்டும்தான் கைமாறுகிறது.

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் குத்தம்பாக்கத்தில் எழும்பிய புதிய பேருந்து நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். சி.எம்.டி.ஏ. கட்டியது. சுமார் 25 ஏக்கர். காஞ்சிபுரம், வேலூர், பெங்களூர் பக்கம் போகிற பஸ்களுக்காக 2021-ல் வேலை ஆரம்பித்தது. திறப்பு விழாவுக்குச் சொன்ன தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போனபோது அந்த வழியாகப் போகிற எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: 'எப்ப சார் திறப்பாங்க?' நானும் கேட்டேன். பிறகுதான் தோன்றியது, கேட்க வேண்டிய கேள்வி வேறு. திறந்த மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால், எந்த வால்வைத் திருப்ப வேண்டும் என்று அங்கே யாருக்குத் தெரிந்திருக்கும்?

கிளாம்பாக்கம் நினைவிருக்கிறதல்லவா? 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். கட்டடம் பிரமாதம். ஆனால் பக்கத்தில் வர வேண்டிய ரயில் நிலையமும் அதற்குப் போகிற நடைமேம்பாலமும் அன்று தயாராகவில்லை. பெட்டியும் குழந்தையுமாக ஜனங்கள் திண்டாடினார்கள். கட்டடம் முடிவது வேறு, இடம் இயங்குவது வேறு என்பதை நகரமே சேர்ந்து கற்றுக்கொண்டது.

ஊர்க்கதை இருக்கட்டும். என் கதையைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு நான் செயலாளர். கட்டுநர் எங்களிடம் கட்டடத்தை ஒப்படைத்த நாளில் பூஜை, கேசரி, போட்டோ எல்லாம் அமோகமாக நடந்தன. ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். அதில் எந்தப் பூட்டுக்கு எது என்று தெரியாத சாவிகள், லிஃப்ட் கம்பெனியின் வாரண்டி கார்டு, டைல்ஸ் கேட்லாக், ஒரு வரைபடம். நான் கையெழுத்துப் போட்டேன். கை தட்டினார்கள்.

மூன்றாவது வருஷம் நவம்பர் மழையில் கழிவுநீர் பின்னோக்கி ஏறித் தரைத்தள வீடுகளுக்குள் வந்துவிட்டது. வரைபடத்தை விரித்தோம். குழாய் இடது பக்கம் போவதாகப் போட்டிருந்தது. இடது பக்கம் தோண்டினால் வெறும் மண். கட்டுநரின் ஆபீசுக்குப் போன் செய்தால், 'அந்த சைட் இன்ஜினியர் வேலையை விட்டுப் போயிட்டாரு சார்' என்றார்கள். அடைப்பு எடுக்க வந்தவர்களில் ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும், சட்டையைக் கழற்றினான். 'தொட்டிக்குள்ள இறங்கிக் கையால தடவிப் பாத்தா பைப்பு வாய் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும் சார்.'

மனிதரைக் கழிவுத் தொட்டியில் இறக்குவதைத் தடைசெய்து 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், வெட்கத்தோடு சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுத்தது எங்கள் பம்ப் ஆபரேட்டர். 'தம்பி, சட்டையைப் போடு. உள்ள போனவன் திரும்ப மாட்டான்' என்று தொட்டியின் வாயை மறித்து நின்றுவிட்டார். பிறகு யாருக்கோ போன் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். குத்தம்பாக்கத்துக்காரர், கொத்தனார். எங்கள் கட்டடத்தில் வேலை செய்தவர். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். வலது பக்கம் கார் நிறுத்தும் இடத்தில் பதித்திருந்த கல்லைக் காலால் தட்டினார். 'இங்க ஒடைங்க. அந்தப் பக்கம் பழைய கெணறு குறுக்க வந்துச்சு. அதனால லைனை இப்படித் திருப்புனோம்.' உடைத்தார்கள். ஒன்றரை அடிக்குக் கீழே மேன்ஹோல் மூடி.

'இதை அப்பவே சொல்லியிருக்கலாமே பெரியவரே?' என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

'யாரு சார் கேட்டா?' என்றார்.

அந்தப் பதில் இன்றுவரை என்னை விடவில்லை. ஒரு வேலை எப்போது முடிகிறது? செய்தவன் கையை உதறியதும் முடிகிறதா? பணம் வாங்கியதுமா? வாங்கிக்கொண்டவன் அதைத் தானே நடத்தத் தெரிந்துகொண்ட பிறகா?

கட்டுநர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். 'கட்டிக் கொடுத்தாச்சு, பில் பாதி இன்னும் வரலை, அடுத்த சைட்ல ஆள் காத்திருக்கு. காலம்பூரா உங்க குழாய்க்குக் காவல் இருக்க முடியுமா?' முடியாதுதான். அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சட்டம்கூட எல்லை போட்டுத்தான் கேட்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்து சொன்னால், கட்டுநர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் சட்டம் காகிதத்தைத்தான் கேட்கும். எங்களுக்கும் வரைபடம் கொடுத்தார்களே! அது கட்ட நினைத்ததன் படம். கட்டியதன் படம் அந்தக் கொத்தனாரின் தலைக்குள் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு கிணறு. அந்த இடைவெளியில்தான் ஒரு பையன் சட்டையைக் கழற்றி நின்றான். தகவல் கைமாறாமல் போனதற்கு விலை கொடுக்கிறவன் கட்டியவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை, கடைசியில் குழிக்கு அருகே நிற்கிறவன். இதனால்தான் இதை நிர்வாகக் கோளாறு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. இது தர்மம் சம்பந்தப்பட்ட விஷயம்.

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். கட்டடத் துறையில் தகவல்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேராததால் 2002-ல் அமெரிக்காவுக்கு ஏற்பட்ட நஷ்டம் 1,580 கோடி டாலர் என்று அந்நாட்டு அரசின் தர நிர்ணய நிறுவனம் 2004-ல் கணக்குப் போட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு யார் தலையில் விழுந்தது தெரியுமா? கட்டடத்தை வைத்திருப்பவர்கள், நடத்துகிறவர்கள் தலையில். பிரிட்டனில் 2009-ல் 'சாஃப்ட் லேண்டிங்ஸ்' என்று ஒரு நடைமுறையை வகுத்தார்கள். விமானம் அலுங்காமல் இறங்குவதுபோல. வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் சாவியைக் கொடுத்த கையோடு ஓடிவிடாமல், மூன்று வருஷம் வரை வந்துபோய், கட்டடம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தலை தீபாவளி, ஆடி என்று ஒரு வருஷமாவது போக்குவரத்து வைத்துக்கொள்கிற நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

குத்தம்பாக்கத்துக்கே வேறொரு கதையும் உண்டு. 1996-லிருந்து பத்து வருஷம் அங்கே பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் இளங்கோ. கெமிக்கல் இன்ஜினியர், வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர் காலத்தில்தான் அங்கே சமத்துவபுரம் வந்தது. தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கிற இரட்டை வீடுகள். உள்ளூர் மண்ணில் செய்த கட்டிகள், உள்ளூர் ஆட்களின் உழைப்பு. எந்தச் சுவரில் என்ன போயிருக்கிறது என்று கேட்க வேண்டுமானால் அடுத்த தெருவுக்குப் போனால் போதும். கட்டியவருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே தூரம் குறைந்தால் ஒப்படைப்பு என்கிற சடங்கே பாதி தேவையில்லாமல் போய்விடுகிறது.

பேருந்து நிலையத்தைப் பயணிகளே கட்ட முடியாது, வாஸ்தவம். ஆனால் நாளைக்கு அதன் பம்பை, ஜெனரேட்டரை, கழிவுநீர் லைனைக் கவனிக்கப் போகிற ஆளைத் திறப்பு விழா முடிந்த பிறகு வேலைக்கு எடுக்காமல், ஆறு மாசம் முன்னாடியே எடுக்கலாமே? குழாய் பதிக்கும்போது அவர் அங்கே நிற்கட்டும். மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வால்விலும் எண் போட்ட தகடு தொங்கட்டும். இதற்கு ஆகிற செலவு விழா மேடைச் செலவைவிட அதிகமாக இருக்காது.

தப்பு கொடுத்தவர் மேல் மட்டும்தானா? வாங்கிக்கொண்ட நான் மட்டும் யோக்கியமா? அந்த அட்டைப்பெட்டியை வாங்கிய நாளில் ஹாலில் டைல்ஸ் நிறம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் இருந்தோம். ஒருத்தரும் 'கழிவுநீர் எந்த வழியாப் போகுது?' என்று கேட்கவில்லை. அது நமக்கு வேண்டாத கேள்வி, வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டியது என்று நினைத்தோம். கொடுப்பதற்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்றால், பெற்றுக்கொள்வதற்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கேட்டு வாங்காத அறிவு யாருக்கும் சொந்தமாவதில்லை.

இப்போது எங்கள் பம்ப் ரூமில் ஒரு நோட்டு தொங்குகிறது. அந்தக் கொத்தனாரை மறுபடி வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதியது. பதினோரு பக்கம். கடைசியில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன். கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது, கட்டியவர் பெயர் அந்த நோட்டிலாவது இருக்கட்டும் என்று.

அடுத்த தடவை ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனால், காபி வருவதற்குள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: 'மேன்ஹோல் எங்க இருக்கு சார்?' சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உங்களுக்குப் பழக்கமே இல்லாத ஒரு பையனுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.