அருமரமும் கைவினை அறமும்

கைவினைஞன் ஒருவன் உட்குடைவான மின்கிற்றார் ஒன்றை மாதக்கணக்கிற் செதுக்கி உருவாக்குகிறான். அவனது உழைப்பின் நேர்மையை எவரும் மறுக்கார். ஆயின், அவன் நாடும் பலகை பிறேசில் நாட்டு ஈட்டிமரமாயின், அந்நேர்மை மட்டும் போதுமா? அருகிவரும் அம்மரத்தின் அனைத்துலக வணிகம் 1992 ஆம் ஆண்டு முதல் உடன்படிக்கையினால் தடுக்கப்பட்டுள்ளது.

"அரிய மரமின்றேல் இனிய நாதமில்லை" என வாதிப்போர் உளர். கிப்சன் நிறுவனம் 1949 இல் வெளியிட்ட இ.எஸ். 175 என்னும் கிற்றார் இதற்கு மறுமொழியாகும். அதன் உடல் மேப்பிள் ஒட்டுப்பலகையால் ஆனது. ஜோ பாஸ் போன்ற ஜாஸ் மேதைகள் அதனை விரும்பி மீட்டினர். மின்கிற்றாரில் உருக்குத் தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளுமே மின்னோட்டமாக மாற்றுகின்றன. உடலின் அதிர்வு அவ்வொலிக்கு நிறமூட்டும் துணையே.

எனவே, அருமரத்தைப் பெரிதும் வேண்டுவது செவியன்று, கண். கண்ணின்பமும் இன்பமே, அதனை இகழ்தல் கலையை இகழ்தலாகும். எனினும், பல தலைமுறைகள் கண்ட மரத்தை ஒருவனது கண்ணின்பத்துக்காக வீழ்த்துதல் நியாயமாகாது. முன்னரே வெட்டப்பட்ட பழம்பலகைக்கு மறுவாழ்வு அளித்தல் வேறு. புதிதாகக் கோடரியை அழைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து, எளிய மரத்தையும் பாடவைப்பவனே தன் கைத்திறனை மெய்ப்பிக்கின்றான்.