குடம் செய்த கையும் குடத்துத் தண்ணியும்

ஒரு சமையலை ஓர் ஊருக்குச் சொந்தம் என்கிறோம். அப்படிச் சொல்லும்போது ஊர் என்பது யார்? ஊர் என்றால் அதில் சேரி அடங்காது என்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் ‘பாரம்பரிய உணவு’, ‘மண்ணின் ருசி’ என்ற பேச்சு வந்தவுடனே எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி ஒரு பாவனை வந்துவிடுகிறது. இந்தப் பாவனையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கணும். அதுக்கு நான் எடுத்துக்கொள்வது நம்ம ஊர் இல்லை. ரொம்பத் தூரத்தில், இமயமலைச் சரிவில் இருக்கிற குமாவுன், கட்வால் பகுதிகள். இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தின் மலை மாவட்டங்கள். 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாநில மக்களில் ஏறத்தாழ 19 சதவீதம் பேர் தலித்துகள்.

அந்த மலைச் சமையலுக்கு இப்போது நல்ல மவுசு. பேரைக் கேட்டால் அந்நியமாகத் தெரியும், பொருளைப் பார்த்தால் நம்ம வீட்டுச் சாமான்தான். மண்டுவா என்பது கேழ்வரகு. ஜங்கோரா குதிரைவாலி. கஹத் கொள்ளு. பட் என்பது சின்னச் சின்னதா இருக்கிற கறுப்பு சோயா. தாளிப்புக்கு ஜக்கியா என்று ஒரு விதை. நம்ம பக்கம் தரிசில் தானா முளைச்சு நிக்கிற நாய்க்கடுகுதான் அது. இங்கே பேருக்கு முன்னால் நாயைச் சேர்த்து ஒதுக்கியாச்சு, அங்கே அது வெடிக்காமல் உருளைக்கிழங்கு தொண்டையில் இறங்காது. கஞ்சா விதையை வறுத்து அரைச்சுத் துவையல் பண்றாங்க (போதை ஏறாது, தோழர்கள் பயப்பட வேண்டாம்). செந்தட்டி மாதிரி தொட்டாலே எரிகிற ஒரு செடியை இடுக்கியால் பறிச்சு, வேகவெச்சுக் கடைஞ்சு, அரிசிச் சோத்துக்கோ மண்டுவா ரொட்டிக்கோ வெச்சுக்கிறாங்க. இல்லாதவங்க வீட்டுக் கீரை அது. கட்வாலில் பாரா நாஜா, அதாவது பன்னிரண்டு தானியம் என்று ஒரு விதைப்பு முறை உண்டு. மண்டுவாவோடு கொள்ளு, உளுந்து, ராஜ்மா, தண்டுக்கீரை விதை என்று ஒரே வயலில் கலந்து விதைப்பது. ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். இந்த விதைகளை அழியவிடாமல் காக்க டெஹ்ரி மலையில் விஜய் ஜர்தாரியும் அவருடைய சகாக்களும் ‘பீஜ் பசாவோ ஆந்தோலன்’ நடத்தினார்கள். நல்ல வேலை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2023-ல் மண்டுவா, ஜங்கோரா, கஹத், கறுப்பு பட் உட்பட அந்த மாநிலத்தின் 18 பொருள்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

டெல்லியில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தபோது, மலை உணவுக் கடை ஒன்றில் பட் சுர்காணி சாப்பிட்டேன். கறுப்பு சோயாவை இரும்புக் கடாயில் எண்ணெய்விட்டு வெடிக்க வறுத்து, மாவு கரைச்சு ஊத்தி, நிதானமா கொதிக்கவிட்டு எடுக்கிற குழம்பு. கன்னங்கரேல் என்று இருந்தது. சோத்தில் பிசைந்து சாப்பிட்டால் மண்வாசனையும் புகைவாசனையும் சேர்ந்து நாக்கில் ஒட்டிக்கிச்சு. பரிமாறினவர் பெருமையாகச் சொன்னார்: இரும்புக் கடாயில் செய்யாவிட்டால் இது சுர்காணியே இல்லை, அந்த நிறமும் ருசியும் கடாய் கொடுப்பது. கீரையைக் கடைந்து செய்கிற காஃபுலியும் அப்படித்தானாம்.

சரி, அந்தக் கடாயைக் கொடுத்தது யார்?

அந்த மலையில் இரும்படிப்பவர் லோஹார். செம்பு அடிப்பவர் தம்டா. கல் சுவர் எழுப்புகிறவர் ஓட். மலை மூங்கிலில் கூடை முறம் பின்னுகிறவர் ருடியா. கல்யாணத்துக்கும் சாமிக்கும் டோலும் தமாவும் அடித்து, மற்ற நாளில் துணி தைத்துக் கொடுப்பவர் அவ்ஜி. இவங்க எல்லாரையும் சேர்த்து ஒரே இழிபேரில் கூப்பிட்டார்கள் மேல்சாதியார். அந்தப் பேரைத் தூக்கி எறிந்து ‘சில்ப்கார்’, அதாவது கைவினைஞர் என்ற பேரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றவைக்க, அல்மோடாவின் ஹரி பிரசாத் தம்டாவும் அவருடன் நின்றவர்களும் வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 1934-ல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பேர் ‘சமதா’. சமத்துவம். ஆரிய சமாஜம் வந்து பூணூலும் போட்டுவிட்டது. ‘ஆர்யா’ என்ற பட்டம் இன்றைக்கும் பலர் பேருக்குப் பின்னால் நிற்கிறது. பூணூல் தோளில் ஏறியதே தவிர, அவங்க தொட்ட தண்ணியை யாரும் வாங்கிக் குடிச்சிடவில்லை.

இந்தத் தண்ணிக் கதையில்தான் விஷயமே இருக்கிறது. மலையில் ஊற்றுத் தண்ணியைச் சுற்றிக் கல்லால் கட்டி, படி இறக்கி, மேலே கூரை போட்ட குட்டிக் கோயில் மாதிரியான கட்டடம் ஒன்று உண்டு. நவ்லா என்று பேர். கல் செதுக்கிக் கட்டுவது ஓட் மக்களின் தொழில். அதில் மொண்டு வருகிற செப்புக்குடம், காகர் என்பார்கள், தம்டா வீட்டில் சுத்தியலால் தட்டித் தட்டி உருவானது. ஆக ஊற்றுக்கு வீடு கட்டினவன், தண்ணிக்குக் குடம் செஞ்சவன், ரெண்டு பேருமே அந்த நவ்லாவில் இறங்கி மொண்டால் தீட்டு. குடம் தீட்டாகாதா என்று கேட்டால், கழுவிட்டா சரியாப் போச்சு. கழுவினால் பாத்திரம் சுத்தமாகும், கை மட்டும் எத்தனை கழுவினாலும் ஆகாது. 2021-ல் ‘தம்டா’ பொருள்களுக்கும் அரசு புவிசார் குறியீடு வாங்கியது. அதாவது சாதிப்பேரே வணிக முத்திரையாகிவிட்டது. குடத்துக்குக் கிடைத்த மரியாதை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

தீட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று அவங்க சாஸ்திரத்தையே பின்பற்றிப் போய்ப் பார்ப்போம். தலித் உழுத நிலத்தில் விளைந்த நெல் தீட்டு இல்லை. உயர்ந்தவர் என்று சொல்லிக்கொள்கிற குமாவுன் பிராமணர் ஏரைத் தொட மாட்டார், அவருக்கு உழுவதற்கு ஹலியா என்று கட்டுப்பட்ட ஆள் வேண்டும். அந்த ஹலியா பெரும்பாலும் தலித். அவன் அறுத்துத் தூக்கி வந்த கதிரும் தீட்டு இல்லை. டோல் அடிச்சவனுக்கும் கடாய் அடிச்சவனுக்கும் அறுவடையில் தானியமாக அளந்து போடுவார்கள், நம்ம பக்கத்துக் களத்துக்கூலி மாதிரி. தானியத்தோடு எந்தச் சண்டையும் கிடையாது. அது உலையில் ஏறித் தண்ணி பட்டு வெந்ததும்தான் எல்லாம் மாறுகிறது. நெய்யில் பொரித்த பூரி ‘பக்கா’, அதைக் கொஞ்சம் தாராளமாக வாங்கிக்கலாம். தண்ணியில் வெந்த சோறு ‘கச்சா’, அதைத் தன் சாதியோ தனக்கு மேலே உள்ளவனோ சமைத்திருக்கணும். பழைய ஆசாரக் குடும்பங்களில் தைத்த துணியைக் கழற்றிவிட்டு வெறும் வேட்டியோடுதான் சோத்துக்கு உட்காருவார்கள். தைத்தது யார் என்று மேலே சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதை யோசித்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. தலித்தின் உழைப்பு பச்சையாக இருக்கும்வரை எல்லாருக்கும் வேண்டும். அந்த உழைப்பு இன்னொரு மனிதனுக்கு ஊட்டுகிற செயலாக மாறும் இடத்தில், அதாவது ‘நான் சமைத்தேன், நீ சாப்பிடு’ என்று ஒரு உறவாக மாறும் இடத்தில் தடை விழுகிறது. நிலத்தை உழு, கடாய் அடி, மாவு சும, ஆனால் எனக்குச் சோறு போடுகிற நிலைக்கு மட்டும் வந்துவிடாதே. ஏனென்றால் சோறு போடுகிறவர் எதிரில் சாப்பிடுகிறவர் கொஞ்சமாவது தலைதாழ்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

டெல்லியில் அந்தக் கருத்தரங்கில் சந்தித்த ஒரு சில்ப்கார் மாணவன், அவன் ஊர்க் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னான். மேல்படி வயலில் அவங்க பந்தி நடக்கும், நாங்க கீழ்ப்படி வயலில் காத்திருப்போம், எல்லாம் முடிஞ்ச பிறகு மேலிருந்து இறங்கி வரும். மலைவயல் படிப்படியாக இருப்பதால் சாதியைக் காட்ட அங்கே தனியாகத் திண்ணை கட்ட வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2016 அக்டோபரில் பாகேஷ்வர் மாவட்டத்தில் கோதுமை அரைக்கப் போன ஒரு தலித், மாவு மில்லைத் தீட்டாக்கிவிட்டார் என்ற பேச்சில் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். வழக்கில் கைதானவர் ஒரு பள்ளி ஆசிரியர். 2019 ஏப்ரலில் டெஹ்ரி மாவட்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் மேல்சாதியார் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக அடித்தார்கள் என்பது ஒரு தலித் இளைஞனின் குடும்பம் கொடுத்த புகார். சில நாளில் மருத்துவமனையில் அவன் செத்துப்போனான். மலை உணவுத் திருவிழாக்களில் இந்த இரண்டும் பேசப்படுவதில்லை. பேசினால் ருசி கெட்டுவிடும்.

இனி நான் கேட்க வந்த முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பள்ளிகளில் மதிய உணவு சமைக்கும் வேலைக்குத் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கணும் என்று 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வேலை பார்க்கும் பெண்ணை உத்தரகாண்டில் போஜன் மாதா என்பார்கள். உணவுத் தாய். 2021 டிசம்பரில் சம்பாவத் மாவட்டம் சுக்கிடாங் ஊரின் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் போஜன் மாதாவாக வந்தார். மேல்சாதிப் பிள்ளைகள் அவர் சமைத்ததைச் சாப்பிட மறுத்தார்கள். நியமனத்தில் விதிமுறை தவறிவிட்டது என்று அந்த அம்மாவை வேலையிலிருந்து எடுத்தார்கள். (இங்கேயும் 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் சத்துணவு சமைத்த ஒரு தலித் அம்மாவுக்கு நடந்ததை நாம் மறக்கவில்லை.) ஆனால் சுக்கிடாங்கில் அதோடு முடியவில்லை. அவர் இடத்தில் மேல்சாதிப் பெண் சமைக்க வந்ததும், தலித் பிள்ளைகள் அந்தச் சாப்பாட்டை மறுத்துவிட்டார்கள். விஷயம் நாடு முழுக்கத் தெரிந்தது. பிறகுதான் நிர்வாகம் அசைந்து, அந்த அம்மாவை மறுபடியும் வேலையில் சேர்த்தது.

‘பார்த்தீங்களா, ரெண்டு பக்கமும் சாதி பார்க்குது’ என்று சொல்ல உடனே ஆள் இருந்தது. முற்போக்குப் பேசுகிற நண்பர்கள் சிலரே என்னிடம் இப்படிச் சொன்னார்கள். அவங்க மறுத்தது தப்பு என்றால் இவங்க மறுத்ததும் தப்புதானே என்கிற தர்க்கம். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் இரண்டு மறுப்பும் ஒரே செயலா?

முதல் மறுப்பு, சமைத்தவளின் உடம்பைப் பற்றியது. அவள் என்ன சமைத்தாள், உப்புக் கூடவா குறைவா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. அவள் பிறந்ததே குற்றம். அந்த மறுப்புக்கு முடிவு கிடையாது, அவள் எதைச் செய்தாலும் அது தீராது. இரண்டாவது மறுப்பு, நடந்த ஒரு காரியத்தைப் பற்றியது. புதுசா வந்த பெண்ணின் கை தீட்டு என்று அந்தப் பிள்ளைகள் நினைக்கவில்லை. காலங்காலமாக அப்படிப்பட்ட கைகளிலிருந்து, அதுவும் தூக்கிப் போட்டதை, வாங்கித் தின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அநியாயத்தைத் திருத்தினால் அடுத்த நாளே தட்டை நீட்டியிருப்பார்கள். முதல் மறுப்பால் ஒருத்திக்கு வேலை போனது. இரண்டாவது மறுப்பால் அதே வேலை திரும்பி வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர், தராசைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்று பார்க்க மறுக்கிறார்.

இதில் எனக்கு உறுத்துகிற இடமும் உண்டு. பசி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மேல்சாதிப் பிள்ளை மறுத்தால் வீட்டில் போய்ச் சாப்பிடும். தலித் பிள்ளை மறுத்தால், பல வீட்டில் அந்த ஒரு வேளையை ஈடுகட்ட எதுவும் இருக்காது. பெரியவர்கள் செய்யவேண்டிய போராட்டத்தைப் பிள்ளைகள் வயிற்றால் செய்யலாமா? இதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. ஆனால் பட்டினி கிடந்து கேட்டது நியாயமா என்ற கேள்வியை அந்தப் பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன்னால், பட்டினி கிடந்தால்தான் கேட்பேன் என்று உட்கார்ந்திருந்த நிர்வாகத்திடம் கேட்கணும்.

சேர்ந்து சாப்பிட்டால் சாதி போய்விடும் என்பதில் அம்பேத்கருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. 1936-லேயே, சமபந்தி மட்டும் சாதி உணர்வைக் கொல்லவில்லை, சாஸ்திரத்தின் புனிதத்தை உடைக்காமல் காரியம் ஆகாது என்று எழுதினார். சரிதான். ஆனாலும் அதே அம்பேத்கர் 1927-ல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணியை அள்ளிக் குடித்தார். அந்தத் தண்ணி இல்லாமல் யாரும் செத்துவிடவில்லை. குடிக்கக்கூடாது என்று சொல்ல உனக்கு என்ன உரிமை என்பதுதான் அங்கே கேள்வி. சுக்கிடாங் பிள்ளைகள் அதே கேள்வியைக் குடிக்காமல், சாப்பிடாமல் கேட்டார்கள்.

அப்படியானால் சுர்காணியை என்ன செய்வது? உங்க பாரம்பரியமே வேண்டாம் என்று தள்ளிவிடுகிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் புரிகிறது, ஆனால் என்னால் தள்ள முடியாது, ஏனென்றால் அதை உண்டாக்கினதில் பாதி நாம். எங்களுடையதும்தான் என்று பெருமையோடு பங்கு கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. பங்கு கிடைத்தால் திருவிழாவில் ஒரு கடை போட இடம் கொடுப்பார்கள், பந்தி அப்படியே இருக்கும். நான் கேட்பது அதைவிடக் கஞ்சத்தனமான ஒன்று. மலைச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘இரும்புக் கடாயை அடுப்பில் வையுங்கள்’ என்று ஆரம்பிக்கும்போது, அந்தக் கடாயை அடித்தவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று இரண்டு வரி சேர்த்து எழுதணும். எழுத ஆரம்பித்தால் புத்தகம் எத்தனை பக்கம் போகும் என்று அவங்களுக்கே தெரியும்.

அந்த அம்மா திரும்ப வேலையில் சேர்ந்து சில மாதம் கழித்து, 2022 மே மாதத்தில், அதே பள்ளியில் சில மேல்சாதிப் பிள்ளைகள் மறுபடியும் சாப்பிட மறுத்ததாகச் செய்தி வந்தது. அதிகாரிகள் போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள்.