அளவுகோலும் அறநெறியும்

பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, அதற்குள் போதைப்பொருள் விற்பவனுக்குத் தண்டனை மிகுதி என்று சட்டம் கூறுமாயின், அதனை மறுப்பார் எவருமிலர். ஆயின் அவ்வெல்லையை எவ்வாறு அளப்பது? நேர்கோட்டிலா, கால் நடக்கும் வழியிலா? வினா சிறிதெனத் தோன்றலாம். மனிதர் சிலரின் சிறைவாழ்வு இதன் விடையைப் பொறுத்தே நீண்டிருக்கிறது.

நியூயார்க்கில் எட்டாம் அவென்யூவும் நாற்பதாம் தெருவும் கூடும் மூலையில் போதைப்பொருள் விற்ற ஒருவன் பிடிபட்டான். அங்கிருந்து நாற்பத்து மூன்றாம் தெருப் பள்ளிக்கு அவென்யூ வழியே 764 அடி, பின்னர்த் தெருவில் திரும்பி 490 அடி. ஆக நடைவழி 1,254 அடி. சட்டத்தின் எல்லையோ 1,000 அடி. கட்டடங்களை ஊடுருவி யாரும் நடக்க இயலாதாகையால் நடைவழியே கணக்கு என்று அவன் தரப்பினர் வாதிட்டனர். 2005 ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் தலைமை முறையீட்டு மன்றம், நாம் பள்ளியிற் பயின்ற பிதாகரசு தேற்றத்தையே கையிலெடுத்தது! நேர்கோட்டுத் தொலைவு 908 அடிக்கும் குறைவு எனக் கண்டு தண்டனையை உறுதி செய்தது. வழியிலுள்ள கட்டடம் அன்று திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா என்பதைப் பொறுத்து ஒருவனது குற்றம் மாறலாகாது என்பது அதன் கருத்து.

இனி நம் மண்ணை நோக்குவோம். தமிழக எல்லையை ஒட்டியது நாகலாபுரம். முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கியது. அங்குள்ள வேதநாராயணர் கோயிலில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மாலைக் கதிரொளி கோபுர வாயில் வழியே நேராகச் சென்று கருவறையிற் படியும். ஒளிக்கு வளைவு தெரியாது. பள்ளிக்குச் செல்லும் சிறுவனோ சந்து திரும்பித்தான் செல்வான்.

இவ்விரு அளவுகளும் அவ்வூர்ப் பள்ளி ஒன்றுக்கே பொருந்தியதுண்டு. புகையிலைப் பொருள்களுக்கு, 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதிலிலிருந்து நாற்புறமும் நேராக 100 கஜம். மதுக்கடைக்கோ, ஆந்திரத்தின் 2012 ஆம் ஆண்டுக் கலால் விதிகள், வாயிலிலிருந்து வாயிலுக்குப் பாதசாரி நடக்கும் வழியில் 100 மீட்டர் என்றன. வாயிலை மறுபுறம் மாற்றினால் தொலைவும் மாறுமன்றோ! நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென 2016 இல் உச்ச நீதிமன்றம் கூறியபின், கேரளத்து வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கூடத்தார் சுற்றிச் சுற்றி நடைபாதை அமைத்துத் தொலைவை நீட்டினர். இத்தகைய சூழ்ச்சிக்கு நேர்கோடு இடந்தராது.

எனினும் நேர்கோட்டிலும் ஒரு கொடுமை உண்டு. நெருங்கிய நகரங்களில் சில தெருக்களுக்கு ஒரு பள்ளி. வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஊர் முழுவதையும் மூடிவிடும். அங்கு வாழும் ஏழை, எங்கு நின்று குற்றம் புரியினும் மிகு தண்டனைக்குரியவன். விலகி வாழும் செல்வர் வட்டாரத்தில் அதே குற்றத்திற்குத் தண்டனை குறைவு. நள்ளிரவில், குழந்தை ஒன்றும் இல்லாத வேளையில் நடந்த விற்பனைக்கும் அதே கணக்கு. இதனை உணர்ந்தே நியூ செர்சி 2010 இல் நீதிபதிகளுக்கு உரிமை அளித்தது. மாசச்சூசெட்சு 2012 இல் எல்லையை 300 அடியாகச் சுருக்கியது, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரையிலான நேரத்தையும் விலக்கியது.

இந்தியாவின் போதைப்பொருள் சட்டத்தில் 2001 இல் சேர்த்த பிரிவு அடிக்கணக்கே கூறவில்லை. கல்வி நிலையத்திலோ, அதன் மிக அண்மையிலோ, மாணவர் கூடும் பிற இடங்களிலோ நடந்த குற்றம் என்பதை நீதிபதி கருதலாம் என்கிறது. ஒருவருக்கு அண்மையாவது மற்றொருவருக்குச் சேய்மையாகலாம் என்ற குறை இதற்கு உண்டு. ஆயினும் கடையை எங்கு வைப்பது என்பதற்கு எண்ணும், ஒருவனை எத்தனை ஆண்டு அடைப்பது என்பதற்குச் சொல்லுமே தக்கவை என்பேன். கடையை இடம் மாற்றலாம். கழிந்த ஆண்டுகளை எவரும் திருப்பித் தர இயலாது. ஆனால் நம் பிரிவு கீழெல்லைக்கு மேல் தண்டனையை உயர்த்துவதற்கு மட்டுமே உதவும். சட்டம் விதித்த கீழெல்லைக்குக் கீழே இறங்க அது நீதிபதிக்கு வழி விடவில்லை.