கொடுக்கும் கையும் ஒளிப்படக் கருவியும்

தொண்டு நிறுவனம் ஒன்று தையல் இயந்திரம் வழங்குகிறது. வழங்குபவரின் கையும் பெறுபவரின் கையும் அதன்மேல் பதிந்திருக்க, படம் எடுத்து முடியும்வரை இருவரும் அசைவதில்லை. தருமத்தை எக்காளமிட்டு அறிவிக்கலாகாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி உறுத்த வேண்டும். எனினும் படமே வேண்டாம் என்பதும் சரியன்று. நிதி தந்தோர் கணக்குக் கேட்பது நியாயமே.

எத்தியோப்பியாவில் 1984-85 பஞ்சத்தின்போது, எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் பெருநிதி திரட்ட உதவின. அவை எழுப்பிய விவாதத்தின் பின், 1989-இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் இத்தகைய படங்களுக்கென ஒழுக்க நெறி வகுத்தன. வறியோரை இரங்கத்தக்க பொருளாக அன்றி மாண்புள்ள மாந்தராகக் காட்டுவதே அதன் சாரம்.

இன்று பலர் இசைவு கேட்டே படம் எடுக்கின்றனர். ஆனால் அரிசிப் பை நம் கையில் இருக்கும்போது, காத்து நிற்பவர் எவ்வாறு மறுப்பார்? வழங்கி முடித்த பின்னர், மறுத்தாலும் அவர் எதையும் இழக்காத நிலையில் கேட்பதே உண்மையான கேள்வி. அப்போதும், அடுத்த ஆண்டு உதவி கிட்டாதோ என்ற அச்சம் அவருக்கு இருக்கலாம். அதை முற்றிலும் அகற்ற வழியில்லை.

கருவியைப் பிடிக்கும் உயரமும் அறம் சார்ந்ததே. தரையில் அமர்ந்த சிறுவனை நின்றபடி எடுத்தால் அவன் குறுகிப்போகிறான். முழந்தாளிட்டு எடுத்தால் நம்மை நேரே நோக்குகிறான். இயந்திரம் பெற்ற பெண்மணியை ஆறு மாதம் கழித்துச் சந்தித்து, அவர் இசைந்தால், துணி தைக்கையில் எடுக்கலாமே! (மேடைப் பெரியவர்கள் அப்படத்தில் இடம்பெற மாட்டார்கள்தான்.) பிரதி ஒன்றை அவருக்கும் தரலாம்.