ஒரே பூங்காவில் இரண்டு எதிர்ப்புகள்

1968 அக்டோபர் 21 அன்று இந்திய அஞ்சல் துறை 20 பைசாவுக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அதில் சுபாஷ் சந்திர போஸ் ஒரு பிரகடனத்தை வாசிக்கிறார். ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு அமைந்ததன் 25ஆம் ஆண்டு நினைவு அது. தலை இந்தியாவுடையது என்றாலும் சம்பவம் நடந்தது நம்ம ஊர்ல, 1943இல், கேத்தே கட்டடத்தில். தேக்காவிலிருந்து எம்ஆர்டியில் ஒரே ஸ்டேஷன்.

அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் படையில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். கூலி என்று மட்டுமே அழைக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த அந்த நிமிர்வு பொய்யில்லை.

ஆனால் அந்தப் படத்துக்குள் வராத ஒரு கூட்டாளி உண்டு: ஜப்பான். அதுவும் அஞ்சல்தலை போட்டது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. மறுநாளே, தன் தளபதிகளின் முகம் பதித்த தலைகள்மேல் சிங்கப்பூர் வீழ்ச்சியைக் குறிக்கும் வரியை அச்சிட்டு விற்றது. அடுத்த சில நாட்களில் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி வடிகட்டினார்கள். அந்த இடங்களில் ஒன்று ஜாலான் புசார் விளையாட்டரங்கம், சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கிற தூரம். கூட்டிப்போன பலர் திரும்பவில்லை. பிறகு சயாம் மரண ரயில் பாதையில் ஆயிரமாயிரமாகச் செத்தவர்களில் நம்ம தோட்டத் தமிழர்களும் உண்டு.

அப்போ, பெருமைப்படலாமா?

‘எதிரிக்கு எதிரி நண்பன், வேற வழியில்ல’ என்று சிலர் முடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சாவு அதில் வெறும் செலவுக் கணக்காகிவிடுகிறது. ‘ஜப்பான்காரனின் கைப்பாவைகள்’ என்று முடிப்பவர்களும் உண்டு. தோட்டத்துப் பெண்ணுக்கு அதுவரை தெரிந்த ஒரே எஜமானன் வெள்ளைக்காரன்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்ததோ, என்னால் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல வழியில்லை. அவருடைய துணிச்சலுக்கு நான் வாரிசு என்றால், அவர் பார்க்காததைப் பார்க்கும் கடனும் என்னுடையதுதான்.

எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னத்துக்கு 1945 ஜூலையில் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. திரும்பி வந்த பிரிட்டிஷார் விரைவிலேயே அதை இடித்தார்கள். இன்று இடத்தைக் காட்ட ஓர் அடையாளம் நிற்கிறது. அதே பூங்காவில் லிம் போ செங்கின் நினைவிடமும் இருக்கிறது. பிரிட்டிஷாரோடு சேர்ந்து ஜப்பானை எதிர்த்து, 1944இல் ஜப்பானியச் சிறையில் இறந்தவர் அவர்.

ரெண்டுமே எதிர்ப்புதான். ஒருவருடைய எதிரி மற்றவருடைய கூட்டாளி.

அஞ்சல்தலை சின்னது, ஒரு பக்கத்துக்குத்தான் அதில் இடம். நாம் அதுபோல இருக்கவேண்டியதில்லை. அடுத்த முறை ஊரிலிருந்து வரும் உறவுக்காரருக்குப் இந்திய தேசிய ராணுவ நினைவிடத்தைக் காட்டப் போனால், அப்படியே லிம் போ செங் நினைவிடம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. நடந்தால் சில நிமிடம்தான்.